ஆஃப்டர்நூன் டீ: எழுபது பவுண்டுக்கு என்னதான் தருகிறார்கள்?

கேள்வி இதுதான்: ‘லண்டனில் வேலை பார்க்கும் மகனின் மேலதிகாரி எங்கள் குடும்பத்தையே ஆஃப்டர்நூன் டீக்கு அழைத்திருக்கிறார். அந்த ஹோட்டலில் விசாரித்தால் ஆளுக்கு எழுபது பவுண்டு என்கிறார்கள். ஒரு டீக்கு எதற்கு இவ்வளவு? சென்னையிலும் கொழும்பிலும் ஹை டீ என்று சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றா? போவதற்கு முன் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?’

முதலில் பண விஷயத்தைப் பார்த்துவிடலாம். எழுபது பவுண்டும் டீக்கான விலை இல்லை. மூன்று தட்டு அடுக்கிய ஸ்டாண்ட் ஒன்று மேசைக்கு வரும். விரல் நீளத்தில் நறுக்கிய சாண்ட்விச்கள், ஸ்கோன் என்ற சூடான சிறு பன், அதற்குக் கெட்டி கிரீமும் ஜாமும், மேலே குட்டிக் குட்டி கேக்குகள். டீ எத்தனை முறை வேண்டுமானாலும் ஊற்றுவார்கள். பல இடங்களில் சாண்ட்விச்சையும் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேசை உங்களுடையது. மூலையில் யாராவது பியானோ வாசித்துக்கொண்டிருப்பார். இடத்துக்கும் உபசரிப்புக்கும் உட்கார்ந்து பேசுகிற நேரத்துக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. நான் இங்கிலாந்தில் ஹோட்டல் வேலையில் பல வருடம் இருந்தவன். சமையலறைக் கணக்கில் அந்த ஸ்டாண்டில் இருப்பதிலேயே மலிவான பொருள் டீத்தூள்தான் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஆனால் இது ஹோட்டலின் ஆஃப்டர்நூன் டீ. இதே மகனை யார்க்‌ஷயரில் ஒரு நண்பர் “ஞாயிற்றுக்கிழமை டீக்கு வந்துவிடு” என்று வீட்டுக்குக் கூப்பிட்டால் ஸ்டாண்டும் இருக்காது, பியானோவும் இருக்காது. மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு இறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி என்று முழுச் சாப்பாடு தட்டில் வந்து இறங்கும். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் நிறைய வீடுகளில் டீ என்றாலே ராத்திரிச் சாப்பாடுதான். அவர்களில் பலருக்கு டின்னர் என்பது மத்தியானச் சாப்பாடு. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு பரிமாறும் பெண்களை இங்கிலாந்து முழுக்க இன்றைக்கும் டின்னர் லேடி என்று சொல்லும் வழக்கம் உண்டு. டீதானே என்று வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் முழித்த நம் ஊர் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘இது டீ, எட்டு மணிக்கு டின்னர் வரும்’ என்று கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பசியோடு திரும்பியவர்களும் உண்டு.

கட்டட வேலை செய்பவரிடம் கேட்டால் டீ என்பது பெரிய குவளையில் பால் விட்ட திக்கான டீயும் இரண்டு பிஸ்கட்டும். தென்மேற்கே டெவன், கார்ன்வால் பக்கம் போனால் ஸ்கோனும் கிரீமும் ஜாமும் மட்டும் வைத்துக் கிரீம் டீ என்பார்கள். அதில் சாண்ட்விச்சும் கிடையாது, கேக்கும் கிடையாது. ஒருவர் எந்த வேளையை டீ என்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தப் பக்கத்துக்காரர், எப்படிப்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர் என்று ஆங்கிலேயர்கள் சட்டென்று ஊகித்துவிடுவார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தக் குழப்பத்துக்கு வேர் டின்னரில் இருக்கிறது. டின்னர் நேரம் நகர்ந்த கதையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாளின் பெரிய சாப்பாடு நண்பகலை ஒட்டி முடிந்துவிடும். அடுத்த நூற்றாண்டில் அது இரண்டு, மூன்று மணிக்குப் போனது. வசதியானவர்கள் வீட்டில் நான்கு, ஐந்து ஆனது. 1840களில் லண்டன் மேல்தட்டு வீடுகளில் ஏழரை, எட்டு மணிக்கு முன்னால் டின்னர் என்பது கிட்டத்தட்ட நாகரிகக் குறைவு. காரணங்கள் பல. பார்லிமென்ட்டிலும் அலுவலகத்திலும் இருக்கும் ஆண்கள் வீடு திரும்ப நேரமாகிக்கொண்டே வந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடுவது பணம் செலவாகும் காரியம், அதனாலேயே அது அந்தஸ்து. கேஸ் விளக்கு பரவியதும் இரவை நீட்டுவது சுலபமாகிவிட்டது. நடுவில் லஞ்ச் என்று ஒன்று முளைத்தது. ஆனால் அது லேசான சாப்பாடு: கொஞ்சம் குளிர்ந்த இறைச்சி, ரொட்டி, பழம். பன்னிரண்டு, ஒரு மணிக்கு அதைச் சாப்பிட்டவர் இரவு எட்டு மணி வரை என்ன செய்வார்? வேலைக்குப் போகாத, ஆனால் இறுக்கமான உடுப்பை மாட்டிக்கொண்டு வீட்டில் விருந்தாளிகளோடு உட்கார்ந்திருக்க வேண்டிய பெண்களுக்கு அந்த ஏழு மணி நேரம் பெரிய சோதனைதான்.

அதே காலத்தில் டீயின் நிலைமையும் மாறியிருந்தது. லண்டனில் டீ பழக்கமானது 1650களுக்குப் பிறகுதான். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660 செப்டம்பர் 25 அன்று தன் நாட்குறிப்பில், இதுவரை குடித்திராத சீன பானம் ஒன்றைக் குடித்ததாக எழுதிவைத்தார். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் சார்லஸைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த போர்த்துக்கீசிய இளவரசி கேத்தரின், டீயை அரண்மனைப் பழக்கமாக்கினார். (சீதனத்தில் பம்பாயையும் கொண்டுவந்தவர் இவர்தான், அது வேறு கதை.) அப்போது டீ பெரும் விலை. பூட்டுப் போட்ட பெட்டியில் வைத்து, சாவியை வீட்டு எஜமானி வைத்திருப்பார். டின்னர் முடிந்ததும் பெண்கள் வரவேற்பறைக்குப் போய்விடுவார்கள். ஆண்கள் மது குடித்து முடித்து வந்து சேர்ந்ததும் எஜமானியே டீ கலந்து கொடுப்பார். அதாவது டீ அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பானம், பசியாற்றும் வேளை இல்லை.

1784இல் பிரதமர் வில்லியம் பிட் டீ மீதான வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக ஒரேயடியாகக் குறைத்தார். கள்ளக்கடத்தல் படுத்தது, டீ கூலிக்காரர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. 1833இல் சட்டம் வந்து சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமும் முடிந்தது. ஆக 1840 வாக்கில் ஒரு பக்கம் மலிவான டீ இருந்தது, இன்னொரு பக்கம் காலியான பிற்பகல் இருந்தது. யாராவது ஒருவர் இரண்டையும் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒருவர் என்று எல்லோரும் சொல்வது பெட்ஃபோர்டின் ஏழாவது டச்சஸ், அதாவது பிரபுவின் மனைவி, அன்னாவை. விக்டோரியா மகாராணியின் அந்தரங்கப் பணிப்பெண்களில் ஒருவராக இருந்தவர். பிற்பகலில் மயக்கம் வருவதுபோல் இருக்கிறது என்று தன் அறைக்கே டீயும் ரொட்டி வெண்ணெயும் கேக்கும் வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட்டார், அப்படியே பழக்கம் பரவியது. ஹோட்டல் மெனு அட்டைகளில் முக்கால்வாசி இந்தக் கதையோடுதான் தொடங்கும். இதை முழுப் பொய் என்று தள்ள முடியாது. ஃபேனி கெம்பிள் என்ற நாடக நடிகை தன் நினைவுக் குறிப்புகளில், 1842இல் பெல்வார் கோட்டையில் விருந்தாளியாக இருந்தபோது இந்த டச்சஸின் அறைக்கு ரகசியமாக அழைப்பு வந்ததை எழுதியிருக்கிறார். போய்ப் பார்த்தால் சில பெண்கள் மட்டும் கூடி, டச்சஸின் சொந்தக் கெட்டிலில் டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்களாம். எனக்கு இந்தக் காட்சி மெனு அட்டைக் கதையைவிடப் பிடிக்கும். அடுத்தவர் வீட்டில், சமையலறைக்குத் தெரியாமல், சொந்தக் கெட்டிலோடு! பின்னால் வந்த வெள்ளிப் பாத்திரமும் விறைப்பும் அங்கே துளியும் இல்லை.

ஆனால் டச்சஸ்தான் இதைக் ‘கண்டுபிடித்தார்’ என்பதை அப்படியே விழுங்க வேண்டாம். டின்னர் தள்ளிப்போன எல்லா வீடுகளிலும் அந்தப் பசி இருந்தது. அவர் இல்லாவிட்டால் வேறொருவர் பெயரில் இந்தக் கதை இருந்திருக்கும்.

ரகசியமாக இருந்தது பத்து இருபது வருடத்தில் பகிரங்கமாகிவிட்டது. நான்கு, ஐந்து மணிக்கு வீட்டில் இருப்பேன் என்று சொல்லியனுப்பி, வருகிறவர்களுக்கெல்லாம் டீ கொடுப்பது சீமாட்டிகளின் வாரக் கடமை ஆனது. 1870களில் அதற்கென்றே தளர்வான கவுன் வந்தது, பெயரே டீ கவுன். விக்டோரியா 1860களில் பக்கிங்ஹாம் அரண்மனையில் தோட்ட விருந்துகளைத் தொடங்கினார். அவை நடந்தது பிற்பகலில், பெயர் மட்டும் ‘பிரேக்ஃபாஸ்ட்’! சாப்பாட்டு வேளையின் பெயரும் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. அந்தத் தோட்ட விருந்துகள் இன்றும் நடக்கின்றன. ஒரு விருந்தில் சுமார் 27,000 கப் டீ, 20,000 சாண்ட்விச், 20,000 துண்டு கேக் போகிறது என்பது அரண்மனையே சொல்லும் கணக்கு.

அந்தக் கால வீடுகளில் டீயோடு என்ன வந்தது? காகிதம்போல் மெலிதாக அறுத்து வெண்ணெய் தடவிய ரொட்டி. அதோடு ஒரு கேக், இரண்டு பிஸ்கட். 1843இல் ஆல்ஃபிரெட் பேர்ட் பேக்கிங் பவுடரைக் கண்டுபிடித்த பிறகுதான் கேக் இன்று நாம் பார்க்கும் அளவுக்கு உப்பி வந்தது. ராணியின் பெயரைத் தாங்கிய, நடுவில் ஜாம் வைத்த விக்டோரியா ஸ்பாஞ்ச் அதற்குப் பிறகுதான் சாத்தியமானது. வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் மெல்ல வந்து சேர்ந்தது. அதில் சத்து ஒன்றும் இல்லை என்பதே அதன் பெருமை: இதைச் சாப்பிடுகிறவருக்கு உடம்பை வளைத்து வேலை செய்யும் அவசியம் இல்லை என்று அது ஊருக்குச் சொல்கிறது. ரொட்டியின் ஓரத்தை வெட்டி எறிவதும் அதே சங்கதிதான்.

சரி, ஹை டீக்கு வருவோம். ‘ஹை’ என்றதும் உயர்ந்தது, மேட்டுக்குடியினருடையது என்றுதான் யாருக்கும் தோன்றும். நடந்தது நேர் எதிர். ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடித்து ஐந்தரை, ஆறு மணிக்கு வீடு திரும்பும் தொழிலாளிக்கு எட்டு மணி டின்னரெல்லாம் கட்டுப்படியாகாது. வந்தவுடன் சாப்பாடு வேண்டும். பெரிய பானையில் டீ, கூடவே ரொட்டி, சீஸ், ஊறுகாய், பன்றி இறைச்சி, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’, கருவாடுபோல் புகையூட்டிய ஹெர்ரிங் மீன். இதுதான் ஹை டீ. சில ஊர்களில் மீட் டீ என்றே பச்சையாகச் சொல்வார்கள். சீமாட்டிகள் சோபாவில் சாய்ந்து தாழ்வான சின்ன மேசையில் கோப்பையை வைத்துக்கொண்டார்கள். தொழிலாளி வீட்டில் உயரமான சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பெயருக்குக் காரணம் அந்த மேசை உயரம்தான் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பணக்கார வீடுகளிலும் ஹை டீ உண்டு. ஞாயிறு மாலை வேலைக்காரர்களுக்கு லீவு விட்டால், சமைக்க ஆள் இல்லாமல் குளிர்ந்த இறைச்சியும் டீயுமாக அவர்களும் அதைத்தான் சாப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தின் பழைய ஹோட்டல்கள் சிலவற்றில் இன்னும் இதன் அசல் வடிவம் கிடைக்கும். பொரித்த மீனும் சிப்ஸும் முதலில், பிறகு டோஸ்ட், கடைசியில் ஸ்கோனும் கேக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு இரவில் ஒன்றும் தொட முடியாது.

பிறகு எப்படி சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் நட்சத்திர ஹோட்டல்களில் ஹை டீ என்பது ஆடம்பரத்தின் பெயரானது? இங்கிலாந்தை விட்டு வெளியே போனதும் அந்த வர்க்க வாசனை கழன்றுவிட்டது. கேட்பவருக்கு ‘ஹை’ என்பது உயர்தரமாகத் தொனித்தது, ஹோட்டல்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். லண்டன் ஹோட்டல்கள் சிலவும் இப்போது வெளிநாட்டு விருந்தாளிகள் பழக்கத்தால் ஹை டீ என்று கேட்டால் மறுப்புச் சொல்லாமல் ஆஃப்டர்நூன் டீயைக் கொண்டுவருகின்றன. இதைத் தப்பு என்று திருத்தும் ஆசாமிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிங்கப்பூர், மலேசியாவில் வார இறுதி ஹை டீ என்றால் பஃபே. கறிபஃப், திம் சம், சாத்தே, லக்சா, ஒரு மூலையில் கேக். நம் ஊரில் போண்டாவும் சமோசாவும் குட்டி சாண்ட்விச்சும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். நுவரெலியா கிராண்ட் ஹோட்டல் புல்வெளியில் கிடைப்பதோ அசல் ஆங்கில ஸ்டாண்ட், பெயர் மட்டும் ஹை டீ. இவையெல்லாம் அந்தந்த ஊரில் அந்தப் பெயருக்கு உள்ள உண்மையான அர்த்தங்கள். ஆக உங்கள் கேள்விக்குப் பதில்: பிறப்பில் இரண்டும் வேறு, சென்னையில் அதே பெயரில் கிடைப்பது மூன்றாவது ஒன்று.

வீட்டுப் பழக்கம் கடைக்கு வந்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1864இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி என்ற ரொட்டி நிறுவனம் லண்டனில் தன் கடையிலேயே டீ விற்க ஆரம்பித்தது. சுருக்கமாக ஏபிசி என்பார்கள். 1894இல் லயன்ஸ் நிறுவனம் பிக்காடில்லியில் முதல் டீக்கடையைத் திறந்தது. கிளாஸ்கோவில் கேட் கிரான்ஸ்டன் என்ற பெண்மணி கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மேக்கின்டாஷை வைத்து 1903இல் வில்லோ டீ ரூம்ஸைக் கட்டினார். இதெல்லாம் டீ வியாபாரம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் ஒரு கௌரவமான பெண் ஆண் துணையில்லாமல் போய் உட்கார்ந்து சாப்பிட வெளியில் இடமே கிடையாது. மதுக்கடைக்குப் போக முடியாது, ஹோட்டல் சாப்பாட்டு அறையிலும் முகம் சுளிப்பார்கள். டீக்கடை அந்த இடத்தைக் கொடுத்தது. கடைகளில் சாமான் வாங்க வந்த பெண்களும் அலுவலகத்தில் டைப் அடித்த பெண்களும் அங்கே கூடினார்கள். ஓட்டுரிமைக்குப் போராடிய பெண்கள் கூடிப் பேசியதும் இதுபோன்ற கடைகளில்தான். டச்சஸின் கெட்டிலுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார்களோ அதில் பாதியாவது இந்தக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

லயன்ஸ் பற்றி இன்னொன்று. நூற்றுக்கணக்கான டீக்கடைகளுக்கு எத்தனை கேக், எத்தனை பன் என்று கணக்குப் போட்டு மாளாமல், அவர்கள் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். பெயர் லியோ. 1951இல் அது ஓட்டிய முதல் வேலை பேக்கரிக் கணக்கு. உலகத்தில் அன்றாட வியாபாரக் கணக்குக்குக் கம்ப்யூட்டரை முதலில் உட்கார வைத்தவர்கள் டீக்கடைக்காரர்கள்!

இனி அந்தக் கோப்பைக்குள் இருக்கும் டீ எங்கிருந்து வந்தது என்பது. அசாம் டீ லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது 1839இல். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் டீ பயிரிட்டார். அடுத்த சில வருடங்களில் இலைத்துரு நோய் வந்து அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது, மலை முழுக்கத் தேயிலை ஏறியது. அதை நட்டதும் பறித்ததும் திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடத்திக் கொண்டுபோகப்பட்ட நம் மக்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1888இல் பிரிட்டனுக்குள் வந்த இந்திய டீ சீன டீயை முந்தியது. 1890இல் தாமஸ் லிப்டன் இலங்கைக்குப் போய்த் தோட்டங்களை வாங்கி, இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக மலிவு விலைக்கு விற்றார். ‘மிக ஆங்கிலேயத்தனமான பழக்கம்’ என்று பெருமையாகச் சொல்லப்படும் இந்த வேளை, எல்லா ஆங்கிலேயருக்கும் எட்டியது இந்தத் தோட்டங்களில் கொடுத்த அற்பக் கூலியால்தான். மெனு அட்டையில் டச்சஸ் இருப்பார். இவர்கள் இருக்க மாட்டார்கள். மலேசியாவின் கேமரன் மலையில் தோட்டத்துக் கடைகளில் ஸ்கோனும் ஸ்ட்ராபெரி ஜாமும் வைத்து விற்கிறார்களே, அங்கே பக்கத்துச் சரிவில் தேயிலை பறித்ததும் தமிழர்கள்தான்.

இரண்டாம் உலகப் போரில் டீக்கு ரேஷன் வந்தது. 1940 ஜூலையிலிருந்து ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ், அதாவது ஐம்பத்தாறு கிராம் அளவு. 1952 அக்டோபர் வரை அந்தக் கட்டுப்பாடு நீடித்தது. பிறகு காப்பிக் கடைகள் வந்தன, வேலைக்குப் போகும் பெண்கள் பெருகினார்கள், நான்கு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து டீ ஊற்ற யாருக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. இன்று ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் தினசரி ஆஃப்டர்நூன் டீ நடக்கிறது என்றால் நான் நம்ப மாட்டேன். வீட்டில் செத்த பழக்கத்தை ஹோட்டல்கள் தத்தெடுத்துக்கொண்டன. பிறந்தநாள், அம்மாவின் அறுபதாவது வயது, கல்யாணத்துக்கு முந்தைய தோழிகள் சந்திப்பு என்று விசேஷத்துக்குப் போகும் இடமாக அது மாறிவிட்டது. ஷாம்பெயின் சேர்த்தார்கள், பழைய டபுள் டெக்கர் பஸ்ஸில் ஏற்றினார்கள். லண்டன் ரிட்ஸ் ஹோட்டலில் காலை பதினொன்றரையிலிருந்து இரவு ஏழரை வரை பல பந்திகளாக ஆஃப்டர்நூன் டீ போடுகிறார்கள். காலையில் சாப்பிட்டாலும் பிற்பகல், ராத்திரியில் சாப்பிட்டாலும் பிற்பகல். கிரிக்கெட்டிலும் இப்படித்தான் ஆயிற்று. 2025 நவம்பரில் குவாஹாட்டியில் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதற்காக, டெஸ்ட் போட்டியில் காலையில் டீயும் அதற்குப் பிறகு லஞ்சும் வைத்தார்கள்.

ஆகவே மூன்றடுக்கு ஸ்டாண்டைப் பார்த்து ‘இருநூறு வருடப் பாரம்பரியம்’ என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு சாண்ட்விச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம்பரியம் என்பது அந்த ரொட்டியும் வெண்ணெயும். மற்றது பெரும்பாலும் ஹோட்டல்கள் கட்டிய மாளிகை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே போனதும் என்ன செய்வது? வழக்கம், கீழ்த்தட்டிலிருந்து மேலே போவது. முதலில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன், கடைசியில் இனிப்பு. சில இடங்களில் ஸ்கோனைச் சூடு ஆறாமல் தனியாகத் துணியில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஸ்கோனைக் கத்தியால் சாண்ட்விச்போல அறுத்து மூட வேண்டாம். குறுக்கே பிளந்து, ஒவ்வொரு பாதியையும் திறந்தபடியே சாப்பிடுவார்கள். டெவன்காரர்கள் கிரீமை முதலில் தடவி ஜாமை மேலே வைப்பார்கள். கார்ன்வால்காரர்களுக்கு ஜாம் முதலில். இதில் அவர்கள் விளையாட்டாகவும் சண்டை போடுவார்கள், நிஜமாகவும் போடுவார்கள்: 2018இல் கார்ன்வாலின் லான்ஹைட்ராக் மாளிகைக்கான விளம்பரத்தில் கிரீமை அடியில் வைத்துப் படம் போட்டதற்காக, அதை நிர்வகிக்கும் நேஷனல் டிரஸ்ட் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மேசையில் எப்படி வைத்தாலும் யாரும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அது ஐம்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்பு உள்ள கிரீம், நம் ஊர்ப் பாலாடைக்கு அண்ணன் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டீ தேர்வுக்குப் பெரிய பட்டியல் நீட்டுவார்கள். நம் ஊர் டீபோல் பால் விட்டுக் குடிக்க அசாமோ சிலோனோ கேளுங்கள். டார்ஜிலிங், ஏர்ல் கிரே இரண்டையும் பலர் பாலில்லாமல் குடிப்பார்கள். ஏர்ல் கிரேயில் பெர்கமாட் பழ எண்ணெய் வாசனை தூக்கலாக இருக்கும், முதல் தடவை சோப்பு வாசனை என்று அம்மா சொல்ல வாய்ப்புண்டு. பாலை முதலில் ஊற்றுவதா பிறகா என்பதற்கும் அங்கே வர்க்கச் சண்டை உண்டு, நீங்கள் அதற்குள் போக வேண்டாம். சுண்டு விரலை நீட்டிக்கொண்டு கோப்பையைப் பிடிப்பது சினிமாவில்தான்.

உடுப்பு விஷயத்தில் ஹோட்டலின் விதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் சுத்தமான சாதாரண உடை போதும். ரிட்ஸ் போன்ற ஓரிரு இடங்களில் ஆண்களுக்குக் கோட் கட்டாயம், ஜீன்ஸும் ஓட்ட ஷூவும் கூடாது. புடவை எங்கும் ராஜ உடை.

சாப்பாட்டில் சைவம் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், மேசை பதிவு செய்யும்போதே மகனை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் வெள்ளரிக்காய் சாண்ட்விச் மட்டும்தான் மிஞ்சும். சொல்லிவைத்தால் சைவத்துக்கென்று தனி ஸ்டாண்ட் தருவார்கள். முட்டையும் ஆகாது என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேக்கிலும் மேக்கரோன் என்ற பாதாம் பிஸ்கட்டிலும் முட்டை நிச்சயம். மூஸ், ஜெல்லி வகைகளில் மாட்டெலும்பு அல்லது பன்றித்தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மிஞ்சிய கேக்கைப் பெட்டியில் போட்டுத் தரச் சொல்லலாம், அது அங்கே கௌரவக் குறைச்சல் இல்லை. அன்றைக்கு மதியம் லேசாக முடித்துக்கொள்ளுங்கள், ராத்திரிச் சமையலை மகனிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.